டிரைவர் ஏறியிருந்தும் நெட்வொர்க் போர்ட் எழும்பவில்லை

கேள்வி:
வணக்கம். பழைய ரேக் சர்வர் ஒன்றில் டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினேன்; நிறுவும்போது நெட்வொர்க் அமையாததால் அந்தப் படியைத் தாண்டிவிட்டேன். இப்போது வன்பொருள்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ கட்டளையைக் கொடுத்தால், பிராட்காம் பிசிஎம்5709 என்ற பெயரும் 14இ4:1639 என்ற அடையாள எண்ணும் வருவதோடு, பயன்பாட்டிலுள்ள டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பிஎன்எக்ஸ்2 என்ற வரியும் வருகிறது. ‘ஐபி லிங்க்’ பட்டியலில் நான்கு போர்ட்டுகளும் தெரிகின்றன. ஆனால் எந்தப் போர்ட்டை ‘அப்’ செய்தாலும் (எழுப்ப முயன்றாலும்), அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை என்ற பிழையே கிடைக்கிறது. கேபிளையும் சுவிட்ச் போர்ட்டையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். கார்டு பழுதாகிவிட்டதா?

மறுமொழி 1:
பழுதான கார்டு கோப்பைக் காணோம் என்று சொல்லாது. அந்தப் பிழைச்செய்தியிலேயே விடை இருக்கிறது. எல்எஸ்பிசிஐ காட்டும் டிரைவர் வரிக்கு, அந்த டிரைவர் கார்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது என்பது மட்டுமே பொருள். பிஎன்எக்ஸ்2 தனக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பை (கார்டுக்குள்ளேயே ஓடும் நிரல்) கர்னல், அதாவது இயங்குதளத்தின் மைய நிரல், ஏறும்போது தேடுவதில்லை, போர்ட்டை எழுப்பும் நேரத்தில்தான் தேடுகிறது. அதனால்தான் அதுவரை எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) இருந்து, கர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெஸ்ஜி’ வெளியீட்டில் பிஎன்எக்ஸ்2 என்று தேடுங்கள்; ஏற்ற முடியாத கோப்பின் பெயர் அங்கே இருக்கும். ‘மோட்இன்ஃபோ -எஃப் ஃபர்ம்வேர் பிஎன்எக்ஸ்2’ (எஃப் பெரிய எழுத்து) என்றால் அந்த டிரைவர் கேட்கக்கூடிய கோப்புகள் எல்லாம் வரிசையாக வரும். அவற்றை ‘/லிப்/ஃபர்ம்வேர்’ அடைவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் நானே இதில் ஒரு மாலைப் பொழுதை வீணாக்கியிருக்கிறேன். ‘ஈத்டூல் -ஐ’ கட்டளை காட்டும் ஃபர்ம்வேர் பதிப்பு, கார்டின் சில்லில் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ள பூட் நிரலின் பதிப்பு. டிரைவர் வட்டிலிருந்து ஏற்றும் கோப்பு வேறு. ஆகவே அந்த எண்ணைப் பார்த்து, ஃபர்ம்வேர் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். டெபியன் 11-இல் இக்கோப்புகள் ‘நான்-ஃப்ரீ’ (கட்டற்ற உரிமம் இல்லாத மென்பொருள்) பிரிவிலுள்ள ‘ஃபர்ம்வேர்-பிஎன்எக்ஸ்2’ தொகுப்பில் இருக்கின்றன, வழக்கமான நிறுவல் வட்டில் இல்லை. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவல் வட்டிலேயே சேர்ந்து வருகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. டிமெஸ்ஜியில் ‘பிஎன்எக்ஸ்2-மிப்ஸ்’ என்று தொடங்கும் கோப்பைத்தான் காணோம் என்று இருந்தது. வேறொரு கணினியில் தொகுப்பை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து ‘டிபிகேஜி -ஐ’ மூலம் நிறுவினேன். மறுதொடக்கம்கூடத் தேவைப்படவில்லை, ‘அப்’ என்றதும் போர்ட்டின் பச்சை விளக்கு எரிந்தது.