யப்பான் 46, இந்தியா 45, அவுஸ்திரேலியா 43: காலநிலை வாக்குறுதி அட்டவணையில் எங்கே பிழை?

கோண்டாவில் மாணவன்:
வணக்கம். புவியியல் ஒப்படை ஒன்றிற்காக, பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் நாடுகள் 2030ஆம் ஆண்டுக்கென அளித்த உமிழ்வுக் குறைப்பு வாக்குறுதிகளை எக்செல் தாளில் இட்டு வரிசைப்படுத்தினேன். யப்பான் 46 வீதம், இந்தியா 45, அவுஸ்திரேலியா 43, ரஷ்யா 30, இலங்கை 14.5 என்று வந்தது. இதை நம்பினால், இலங்கை ரஷ்யாவிலும் அக்கறை குறைந்த நாடு என்று எழுத வேண்டியிருக்கும். எண்களை இருமுறை சரிபார்த்துவிட்டேன். எங்கே தவறுகிறேன்?

நீர்வேலி ஆசிரியர்:
தம்பி, எண்கள் சரி. தாளில் ஒரு நிரல் குறைகிறது. எதிலிருந்து குறைப்பது என்பதை நீங்கள் எழுதவில்லை.

யப்பான் 2013ஆம் நிதியாண்டிலிருந்து கணக்கிடுகிறது. 2011இல் புக்குஷிமா அனர்த்தம் நிகழ்ந்த பின் அணு உலைகள் நிறுத்தப்பட்டு, நிலக்கரியும் எரிவாயுவும் கூடுதலாக எரிக்கப்பட்டதால் உமிழ்வு உச்சத்தில் இருந்த ஆண்டு அது. அவுஸ்திரேலியாவுக்கு அடிப்படை ஆண்டு 2005. இந்தியாவின் அடிப்படை ஆண்டும் 2005தான். ஆனால் அதன் 45 வீதம் மொத்த உமிழ்வைப் பற்றியதே அல்ல, உள்நாட்டு உற்பத்தியின் ஓர் அலகுக்கான உமிழ்வைப் பற்றியது. பொருளாதாரம் மூன்று மடங்கானால் 3 × 0.55 = 1.65, அதாவது வாக்குறுதியைக் காப்பாற்றியபடியே உமிழ்வு 65 வீதம் கூடலாம்.

ரஷ்யாவின் அடிப்படை ஆண்டு 1990. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்து தொழிற்சாலைகள் மூடப்பட்டபோது ஏற்பட்ட பெருஞ்சரிவு, வாக்குறுதிக்கு மிக முன்னரே நிகழ்ந்தது. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் நாமும் ஜாம் போத்தலில் திரியிட்டுச் சில துளி மண்ணெண்ணெயில் படித்தோம். அதைக் கொண்டு யாழ்ப்பாணத்தாரின் சூழல் அக்கறையை எவரும் அளக்கவில்லை.

இலங்கையின் 14.5 கடந்த எந்த ஆண்டிலிருந்தும் கழிக்கப்படுவதன்று; இப்படியே போனால் 2030 வரை எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டிலிருந்து கழிக்கப்படுவது. அந்த மதிப்பீட்டை உயர்த்திப் போட்டால் குறைப்பும் பெரிதாகத் தெரியும். மேலும், அதில் 4 வீதமே நாமாகச் செய்வது, மீதி 10.5 வெளிநாட்டு உதவி கிடைத்தால் மட்டும்.

ஆகவே எல்லாவற்றையும் 2030இல் எத்தனை தொன் என்று மாற்றி, 2019உடன் ஒப்பிடுங்கள். வெப்ப உயர்வை 1.5 பாகையில் நிறுத்த, உலக உமிழ்வு அந்த ஆண்டிலிருந்து 2030க்குள் சுமார் 43 வீதம் குறைய வேண்டும் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி கூறுகிறது. அவுஸ்திரேலியாவின் 43 வேறு, இந்த 43 வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கோண்டாவில் மாணவன்:
மிக்க நன்றி, ஐயா. மாற்றிப் பார்த்தேன். இந்தியாவுக்கு எந்த வளர்ச்சி வீதத்தை எடுக்கிறேனோ அதற்கேற்ப அதன் இடம் ஏறி இறங்குகிறது. எதைப் போடுவது?

திருநெல்வேலி வாசகி:
ஒற்றை எண் போடாதீர்கள், குறைந்த வளர்ச்சிக்கும் கூடிய வளர்ச்சிக்கும் இடைப்பட்ட வீச்சாகக் காட்டுங்கள். ஒருவருக்கு எத்தனை தொன் என்ற நிரலும் தேவை. அது இல்லாமல் இலங்கையையும் அவுஸ்திரேலியாவையும் ஒரே தராசில் வைப்பது நியாயமன்று.

ஐயா தொடாத ஒன்றும் உண்டு: ஏற்கெனவே நடைமுறையிலுள்ள கொள்கைகளே இலக்கை எட்டிவிடுமா என்று பாருங்கள். 2030க்குள் மின் நிறுவு கொள்ளளவில் (நிலையங்கள் உச்சமாகத் தரக்கூடிய அளவில்) பாதி புதைபடிவம் சாராததாக இருக்கும் என்ற இந்தியா 2025இலேயே அதை எட்டிவிட்டது. ஆயினும் அங்கு உற்பத்தியாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. கூரையிலுள்ள சூரியத் தகடு இரவிலும் கொள்ளளவுக் கணக்கில் இருக்கும், மின்சாரம்தான் தராது. இலங்கையின் 70 வீதப் புதுப்பிக்கத்தக்க இலக்கோ உற்பத்தியைப் பற்றியது. அவ்விரண்டையும் ஒரே நிரலில் இட்டிருந்தால் பிரித்துவிடுங்கள்.

கோண்டாவில் மாணவன்:
ஒரே நிரலில்தான் இட்டிருந்தேன், அக்கா, பிரித்துவிட்டேன். இலங்கைக்கு 4 என்றும் 14.5 என்றும் இரண்டு நிரைகள் போட்டு, தரவரிசை நிரலை முழுவதுமாக நீக்கியிருக்கிறேன்.