அமிக்கபிளியா, ஏமியபிளியா?

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் ஒரு விசைப்படகு எங்கள் வல்லத்தின் வலையை அறுத்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் பேசி, வலைக்குக் காசு வாங்கித் தந்து முடித்துவைத்தார்கள். கடன் தந்த வங்கிக்கு இதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

நான் 'செட்டில்ட் அமிக்கபிளி' என்று எழுதினேன். தம்பி மகள் 'ஏமியபிளி' என்கிறாள். நண்பனைக் குறிக்கும் 'அமிக்கஸ்' என்ற லத்தீன் சொல்தான் இரண்டுக்கும் வேராம். ஏமியபிளி என்றால் ஆள் சிரித்த முகமாகப் பழகுவது, அமிக்கபிளி என்றால் தகராறு சுமுகமாகத் தீர்வது என்று நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் சமரசத்தில் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை, டீ கூடக் குடிக்கவில்லை! அதற்கும் அமிக்கபிளி பொருந்துமா? கல்யாணப் பத்திரிகையில் வரும் 'கார்டியலி' இங்கே சரிவராது, அப்படித்தானே?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாளைக்குக் கடிதம் கொடுக்க வேண்டும்.