மறு: கணையப் புற்று சி.டி. அறிக்கை – ‘என்கேஸ்மென்ட்’ ஊடுருவலா, சூழ்கையா?

ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

> அபட்மென்ட் = ஒட்டல், என்கேஸ்மென்ட் = ஊடுருவல் என்று வைத்துக்கொள்ளலாமா?

கணையக் கட்டி பக்கத்து ரத்தக் குழாயை எவ்வளவு தொடுகிறது என்று சி.டி. அறிக்கையில் எழுதும் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குத்தானே தமிழ் தேடுகிறோம். ஊடுருவல் வேண்டாம் ஐயா. படத்தில் தெரியாத ஒன்றை அந்தச் சொல் சொல்லிவிடும்.

சாய ஊசி போட்டு 40–50 நொடியில் ஒரு தடவையும், 70 நொடி வாக்கில் இன்னொரு தடவையும் படம் எடுப்பார்கள். முதல் தடவை கணையம் பளிச்சென்று இருக்கும், கட்டி பெரும்பாலும் மங்கலாகப் பிரிந்து தெரியும். அடுத்ததில் சிரைகளும் கல்லீரலும் தெளியும். குறுக்குவெட்டில், குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சுப்பீரியர் மெசன்டெரிக் தமனி ஒரு வெள்ளைப் பொட்டு. அதைச் சுற்றிக் கொழுப்பு கறுப்பு வளையமாக நிற்கும். அந்த வளையம் எங்கே அழிந்து, சாம்பல் நிறக் கட்டி பொட்டின்மேல் படுகிறதோ, அந்த வில்லின் கோணத்தைத்தான் கதிரியல் மருத்துவர் கணக்கிடுகிறார். 180 பாகைக்குள் இருந்தால் அபட்மென்ட், தாண்டினால் என்கேஸ்மென்ட். அவ்வளவுதான். தமனிச் சுவருக்குள் புற்றுச் செல் புகுந்ததா என்பது நுண்ணோக்கி சொல்ல வேண்டிய சேதி. கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்த பிறகு தமனியைச் சுற்றி எஞ்சியிருப்பது வெறும் தழும்பாகக்கூட இருக்கலாம்; சி.டி.யால் அதை நம்பிக்கையாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

கட்டியின் நிலையைக் குறிக்கும் டி எண்ணே (டி1 முதல் டி4 வரை) போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. டி1 முதல் டி3 வரை கட்டியின் அளவை வைத்து, 2, 4 சென்டிமீட்டர் எல்லைகளில் பிரிக்கும் கணக்கு. சீலியாக், சுப்பீரியர் மெசன்டெரிக், பொதுக் கல்லீரல் தமனிகளில் ஒன்று சிக்கினாலும், கட்டி எவ்வளவு சிறிதானாலும் டி4. ஆனால் அறுவை மருத்துவருக்குக் கோணம் வேண்டும். சுப்பீரியர் மெசன்டெரிக் தமனியில் 180-க்குள் என்றால் எல்லைநிலை (பார்டர்லைன்), கீமோவுக்குப் பிறகு அகற்றிப் பார்க்க இடமுண்டு. தாண்டினால் பொதுவாக, அந்த இடத்திலேயே முற்றிய நிலைக் (லோக்கலி அட்வான்ஸ்டு) கணக்கில் போய்விடும். (எல்லைநிலைக்கு ‘விளிம்புநிலை’ என்று வந்த பரிந்துரையை விட்டுவிடலாம். அது சமூகவியலார் கைக்குப் போய் நாளாயிற்று.)

எனவே என் பரிந்துரை: அபட்மென்டுக்குத் தொடுகை, என்கேஸ்மென்டுக்குச் சூழ்கை. வாக்கியத்திலும் எளிதாக உட்காரும்: ‘கட்டி தமனியைத் தொட்டுள்ளது’, ‘சூழ்ந்துள்ளது’. ஒட்டல் சரிவராது. அறுவைக்குப்பின் குடல் ஒட்டிக்கொள்வதற்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. தொடுகைக்குத் தொடுகோடு படித்த எவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சூழ்தல் என்றால் முழு வட்டம் ஆகாதா என்ற கேள்வி வரும். மூன்று பக்கம் கடல் சூழ்ந்ததைத்தானே தீபகற்பம் என்று படித்தோம்? பாதியைத் தாண்டியதற்கு அந்தச் சொல் தாராளமாகப் பொருந்தும். முற்றுகை என்றால்தான் ஒரு பக்கமும் மிச்சமில்லை என்று ஆகிவிடும்.

சூழ்கைக்குப் பதில் வளைப்பும் நல்ல சொல்தான். ஆனால் சிரை விஷயத்தில் இடிக்கும். கட்டி இழுத்து சிரை கண்ணீர்த்துளி வடிவமாவதைத் தனியாக எழுத வேண்டும். 180-க்குள் தொட்டிருந்தாலும் சிரையின் ஓரம் கோணியிருந்தால் அது எல்லைநிலைதான். அங்கே வளைப்பு, வளைவு எல்லாம் கலந்துவிடும். அந்தக் கோணலுக்கு இன்னும் சொல் இல்லை. ‘உருக்குலைவு’ ரொம்பப் பெரிய சொல். ‘ஓரக்கோணல்’ எப்படி?