அண்ணனைப் புரியவைத்த ஆல்பம்

என் அண்ணன் குடியில் மூழ்கிக் கிடந்த காலத்தில்தான் நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் ‘தி டவுன்வர்ட் ஸ்பைரல்’ ஆல்பத்தைக் கேட்டேன். 1994இல் வந்தது.

யாரையோ அடிக்கும் சத்தத்தோடு முதல் பாட்டு தொடங்கும். அடி வேகமெடுக்க, டிரம்ஸும் கிடாரும் மேலே வந்து விழும். நடுவில் எல்லாம் அடங்கி, குழுவின் பாடகர் ட்ரென்ட் ரெஸ்னர் காதருகே முணுமுணுப்பார், மறுபடி இரைச்சல். பதினான்கு பாட்டுகளும் ஒரே ஆளின் கதை. கடவுள், காதல் என்று ஒவ்வொன்றாக உதறித் தன்னையே அழித்துக்கொள்ளப் போகிறவன். வெளியே நின்று புத்தி சொல்லும் குரல் ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் வீட்டில் புத்தி சொல்லாத ஆளே இல்லை. உள்ளே இருப்பவனுக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் யோசித்தேன்.

ஒன்பதாவது பாட்டின் வெறி ஓய்ந்ததும் ‘எ வார்ம் பிளேஸ்’ வரும். பாடலே இல்லை, வெறும் இசை, மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கேதான் உடைந்து அழுதேன். குடிக்காத காலை நேரங்களில் அண்ணன் சமையலறைக்கு வந்து அம்மாவுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுப்பான். கை நடுங்கும், ஆனாலும் பொடிப்பொடியாக நறுக்குவான். அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்குப் பழைய அண்ணன் கிடைப்பான்.

கடைசிப் பாட்டு ‘ஹர்ட்’. 2002இல் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர் ஜானி கேஷ் இதைத் திரும்பப் பாடியதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அவர் எழுபது வயதில் வாழ்ந்து முடித்ததைத் திரும்பிப் பார்க்கிறார். ரெஸ்னர் இதை எழுதிப் பாடியபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவர் பாடியதில் கிடாரில் ஒட்டாத சுரம் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும், குரல் எந்த நேரமும் உடைந்துவிடும் போலிருக்கும். எனக்கு இதுதான் நெருக்கம். ரெஸ்னரே பின்னாளில் குடியிலும் போதையிலும் விழுந்து, சிகிச்சை எடுத்து மீண்டார். அதைப் படித்த அன்று எனக்கு எவ்வளவு தெம்பு வந்தது தெரியுமா!

அப்புறம் அண்ணனிடம் “ஏன் குடிக்கிறே?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “ராத்திரி தூங்கினியா?” என்று கேட்பேன். சில நாள் பதில் வரும்.

கேட்பதானால் வரிசை மாற்றாமல் முழுசாகக் கேளுங்கள். முன்னால் வந்த இரைச்சல் இல்லாமல் ‘எ வார்ம் பிளேஸ்’ வெறும் மெல்லிசைதான். மனசு ரொம்பச் சரியில்லாத நாளில் மட்டும் தனியாகக் கேட்காதீர்கள், பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.