டெலிரியம்: சன்னி வேண்டாம், அலமரல் என்போம்

அன்பின் நண்பர்களுக்கு,

உடம்பு நோயால் திடீரென்று புத்தி தடுமாறுகிற டெலிரியத்துக்குத் தமிழ்க் கலைச்சொல்லாகச் சன்னி என்றே வைத்துவிடலாம் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நல்ல பழைய சொல்தான். வாதம், பித்தம், கபம் மூன்றும் சேர்ந்து கெடுகிற சன்னிபாதத்திலிருந்து வந்தது. சித்த மருத்துவம் அதில் 13 வகை சொல்லும். ஆனால் எங்கள் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக்குக் காய்ச்சலில் இழுப்பு வந்தாலும் சன்னி, பிள்ளை பெற்றவள் பிதற்றினாலும் சன்னி. இத்தனைக்கும் ஓடுகிற சொல் கலைச்சொல்லாக நிற்காது.

தலவாக்கலைப் பக்கம் என் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, வந்ததைச் சொல்கிறேன். காலையில் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தவர், பொழுது சாய்ந்ததும் லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசைவீட்டு அறையில்) உட்கார்ந்து கம்பளி நூலை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டார். இல்லாத கூடைக்குக் கொழுந்து! கங்காணி வந்துவிடுவார், நெரை (கொழுந்து பறிக்கும் செடி வரிசை) பிடிக்கணும் என்று ஒரே பதைப்பு. எங்களை அடையாளம் தெரியவில்லை. விடிந்தால் மறுபடி தெளிவு. பேய் என்றார்கள், சன்னி என்றார்கள். திருநீறிலும் வேப்பிலையிலும் இரண்டு நாள் போயிற்று. ஆஸ்பத்திரியில் பார்த்தால் சிறுநீர்த் தொற்று. மருந்து பிடித்ததும் பழைய ஆளானார். படுக்கைத் துணியை இப்படிப் பிடுங்குவதைப் பழைய கிரேக்க மருத்துவர்களே அறிகுறியாகக் குறித்திருக்கிறார்கள்.

திடீரென்று வரும், ஒரே நாளில் ஏறி இறங்கும், கவனம் ஓரிடத்தில் நிற்காது. இதைச் சொல்ல எது உண்டு? சித்தப்பிரமை என்றால் பைத்தியம் என்பார்கள். உளறல் வாயோடு சரி. பதற்றத்தில் ஆளுக்கு நினைவு தெளிவாகவே இருக்கும். குழப்பம் எல்லோருக்கும் வருவது.

‘அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி’ என்கிறது தொல்காப்பியம். நிலைகொள்ளாமல் சுழல்வது, அதுதானே இது? பேயும் பைத்தியமும் ஒட்டாத சொல்.

லத்தீன் மூலத்துக்கு உழவுச்சால் விட்டு விலகுதல் என்று பொருள். நெரை தவறுதல் என்று வைக்க எனக்கும் ஆசைதான். தோட்டத்துக்கு வெளியே விளங்காது.

சத்தமில்லாமல் சுருண்டு கிடக்கிற டெலிரியமும் உண்டே என்பீர்கள். மனம் சுழல, உடம்பு அசையாமல் கிடக்கலாம். அதை ‘அடங்கிய அலமரல்’ என்போம். முதியவர்களுக்கு வரும்போது, அசதியில் தூங்குது என்று நாம் விட்டுவிடுவது இதைத்தான். கைகால் ஓயாதது ‘ஓயா அலமரல்’.

அப்புறம், வினையாகவும் வருகிறது: ‘நோயாளி நேற்று மாலையிலிருந்து அலமருகிறார்’ என்று வார்ட்டில் குறிப்பு எழுதலாம்.