மறு: ஸ்பேஷியல் விண்டோ, பிரௌசர் விண்டோ – தமிழில் எப்படி?

வணக்கம் அண்ணா,

கோப்பு மேலாளரில் கோப்புறைகளைத் திறக்கும் இரண்டு முறைகளான ஸ்பேஷியல் விண்டோ, பிரௌசர் விண்டோ ஆகியவற்றுக்கு நீங்கள் சொன்ன பெயர்கள் பற்றி. முதலில் ஸ்பேஷியல் விண்டோ:

> “இடஞ்சார் சாளரம்” என்றே வைத்துவிடலாமே, அகராதியில் இருப்பதுதானே.

அகராதிக்குச் சரி. அமைப்புகளைத் திறந்து பார்ப்பவருக்கு அதில் ஒன்றும் புரியாது. 2004 மார்ச்சில் லினக்ஸ் பணிமேடையான க்னோமின் 2.6 பதிப்பு வந்தபோது அதன் கோப்பு மேலாளரான நாட்டிலஸ் ஸ்பேஷியல் முறைக்கு மாறியது. ஒரு கோப்புறைக்கு ஒரே சாளரம். திரையின் எந்த மூலையில், எந்த அளவில் விட்டுப் போனீர்களோ, மறுபடி திறந்தால் அங்கேயே, அப்படியே வந்து நிற்கும். பழைய மேக்கின் கோப்பு மேலாளரான ஃபைண்டரில் ஊறிய வழக்கம் இது.

“தனிச்சாளரம்” என்பதும் ஒத்துவராது. பிரௌசர் முறையிலும் “புதிய சாளரத்தில் திற” கொடுத்து ஒரே கோப்புறையை இரண்டு சாளரங்களில் வைத்துக்கொள்ளலாம். இங்கே அது நடக்காது. மறுபடி சொடுக்கினால் ஏற்கெனவே திறந்திருப்பதுதான் முன்னால் வரும்.

> மற்றது “உலாவிச் சாளரம்”.

இது இன்னும் சிக்கல். “எப்போதும் உலாவிச் சாளரத்தில் திற” என்று படித்ததும் ஃபயர்பாக்ஸ் திறக்கப்போகிறது என்றுதான் எனக்கே தோன்றியது. நடுவில் உள்ள “வி”யை எடுத்துவிட்டு “உலாச் சாளரம்” என்போமே! ஒரே சாளரம் கோப்புறை கோப்புறையாகச் சுற்றி வருகிறது, உற்சவர் வீதியுலா வருவது போல. அப்படியானால் மற்றது மூலவர், இடம் பெயராதவர். “மூலச் சாளரம்” என்று வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் சோர்ஸ் கோடை ஏற்கெனவே மூலநிரல் ஆக்கிவிட்டோம். “நிலைச் சாளரம்” என்றால் ஸ்டேட்டஸ் பாருக்கு வைத்த “நிலைப்பட்டை”யோடு இடிக்கும். ஆகவே என் ஓட்டு “நிலையிடச் சாளரம்”.

2010இல் 2.30 வந்தபோதே நாட்டிலஸ் உலாச் சாளரத்தை இயல்பாக்கிவிட்டதே, இதற்கு ஏன் மல்லுக்கட்டு என்று கேட்டிருந்தீர்கள். க்னோம் 2இலிருந்து கிளைத்த மாட்டே பணிமேடையின் கோப்பு மேலாளரான காஜாவில் அந்தத் தேர்வு இன்னும் இருக்கிறதே.

அப்புறம் இன்னொன்று. நிலையிட முறையில் நான்கு அடுக்கு உள்ளே போனால் வழியெல்லாம் சாளரங்கள் திறந்து கிடக்கும். அவற்றை ஒரேயடியாக ஒழிக்க நாட்டிலஸில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டபிள்யூ இருந்தது. அந்தக் கட்டளைக்கு “பெற்றோர் கோப்புறைகளை மூடு” என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தால் அப்பா அம்மாவை அறைக்குள் வைத்துப் பூட்டச் சொல்வது போல இருக்கிறது. “மேற்கோப்புறை” போதாதா அண்ணா?