விளையாட்டின் நடுவே உறைந்து, தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்

பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். ஏப்ரலில் எஸ்.பி. ரோட்டில் பாகங்களாக வாங்கி நானே பொருத்திய கேமிங் கம்ப்யூட்டர், ஜூலை முதல் கனமான விளையாட்டுகளின் நடுவே திடீரென உறைந்துவிடுகிறது. கடைசியாக ஒலித்த சத்தத்தின் துணுக்கு மட்டும் ரீங்காரமாகத் தொடர, சில நொடிகளில் விண்டோஸின் பிழை அறிவிப்பான நீலத்திரைகூட வராமல் ரீஸ்டார்ட் ஆகிறது. பிரவுசர், வீடியோ போன்ற இலேசான வேலைகளில் இச்சிக்கல் இல்லை.

ஆறு கோர் பிராசசர், 16 ஜிபி டிடிஆர்4 ராம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை, விண்டோஸ் 11. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பிழை மட்டுமே பதிவாகிறது. முறையாக அணையாமல் மீண்டும் தொடங்கியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 இரவு முழுக்க ஓடியும் பிழை காட்டவில்லை. ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்தும், கிராபிக்ஸ் டிரைவரை அடியோடு நீக்கி மறுபடி நிறுவியும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தும், யுபிஎஸ்ஸை விலக்கிச் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகியும் பலனில்லை. வெப்பநிலையும் 75 டிகிரியைத் தாண்டவில்லை. ஆனால், கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை (மின் நுகர்வு வரம்பை) 70 சதவீதமாகக் குறைத்தால் மாலை முழுவதும் தடங்கலின்றி ஓடுகிறது. ஆகவே என் சந்தேகம் பவர் சப்ளை மீதே. கடைக்காரரோ, சோதித்துப் பாராமலேயே, மதர்போர்டைக் கைகாட்டுகிறார்.

இரவல் வாங்கிப் பொருத்திப் பார்க்க வேறொரு பவர் சப்ளை கிடைக்காத நிலையில், பழுது இப்போதுள்ள பவர் சப்ளையில்தான் என்பதைப் புதிதாக ஒன்று வாங்குமுன் எந்தச் சோதனையால் உறுதிசெய்யலாம்?